இரண்டாவது கொக்கி எங்கே?

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்ட அண்ணன்மாரே, பாய் விரித்து முன்வரிசை பிடித்திருக்கும் தாய்மாரே, மதில்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘பெண்கள் வாலிபாலை வளர்ப்பது பன்னாட்டுப் போட்டிகளா, ஊர்க் களங்களா?’ இதுதான் தலைப்பு. ஊர்க் களங்களே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஓர் உலகச் சுற்றுலாவே போய் வந்துவிட்டார். அமெரிக்கா போனார், டோக்கியோ போனார், தாய்லாந்து போனார். திரும்பும் வழியில் நம்ம குமரி மாவட்டத்துக் குளச்சலில்கூட இறங்கவில்லை. நானும் அவர் போன வழியிலேயே போகிறேன். அவசரத்தில் அவர் பார்க்காமல் விட்டதையெல்லாம் பார்த்துவிட்டு வருவோம்.

முதலில் அமெரிக்கா. 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்காவில் பெண்கள் வாலிபால் பார்க்க 92,003 பேர் திரண்டார்கள் என்று சொல்லிக் கைத்தட்டு வாங்கினார். எண்ணிக்கை சரிதான். ஆனால் அண்ணே, அன்றைக்கு ஆடியது யார் யார்? நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியும் ஒமாஹா அணியும். இரண்டும் ஒரே மாநிலம். பன்னாட்டுப் போட்டியும் இல்லை, பக்கத்து மாநிலத்தோடு ஆடிய போட்டிகூட இல்லை. நாகர்கோவில் பிள்ளைகளும் மார்த்தாண்டம் பிள்ளைகளும் ஆடுவதைப் பார்க்க மாவட்டமே கிளம்பிப் போன மாதிரி. நடுவர் அவர்களே, எதிரணியின் முதல் சாட்சி எங்கள் பக்கம் வந்தாயிற்று. குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டோக்கியோ. 1964 ஒலிம்பிக்கில்தான் வாலிபால் முதன்முதலில் சேர்ந்தது. பெண்கள் அணியாகச் சேர்ந்து ஆடும் பந்தாட்டம் ஒன்று ஒலிம்பிக்குக்குள் நுழைந்ததும் அப்போதுதான். சோவியத் அணியை வீழ்த்தி ஜப்பான் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். எல்லாம் அண்ணன் சொன்னார். அந்தப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஒசாகா பக்கம் கைசுகாவில் இருந்த நிச்சிபோ பஞ்சாலையின் அணிக்காரர்கள். பகலில் ஆலை வேலை. வேலை முடிந்தபின் இரவு நெடுநேரம் பயிற்சி. பயிற்சியாளர் தைமாட்சுவும் அதே நிறுவனத்தின் ஊழியர்தான். பாய்ந்து விழுந்து பந்தை எடுத்து, உருண்ட வேகத்திலேயே எழுந்து நிற்கும் வித்தையை ஒலிம்பிக்கில் பார்த்து உலகம் வாய் பிளந்தது. அதைப் பழகியது ஆலைக் களத்தில். ஒலிம்பிக்குக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1962இல், மாஸ்கோவுக்கே போய் சோவியத் பெண்களைத் தோற்கடித்து உலகச் சாம்பியன் ஆகிவிட்டார்கள். ஒலிம்பிக் வந்துதான் வளர்ந்தார்கள் என்றால் இதற்கு என்ன பதில்?

எதிரணிக்கு ஒன்றை விட்டுத்தருகிறேன். சோவியத் அணியை வீழ்த்திய அந்தக் கடைசி ஆட்டத்தை டிவியில் பார்த்த பிறகு ஜப்பானிய இல்லத்தரசிகள் ஏராளமானோர் தாங்களும் ஆடத் தொடங்கினார்கள். அம்மாக்களுக்கென்றே தனி வாலிபால் உண்டானது. 1970 முதல் அதற்குத் தேசியப் போட்டியும் நடக்கிறது. பார்த்ததால் ஆசை வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆசைக்கு ஒரு களம் வேண்டுமே! அம்மாக்கள் ஆட வலையை எந்த உயரத்தில் கட்டினார்கள் தெரியுமா? 2.05 மீட்டர். வருகிறவர்களுக்கு ஏற்றபடி வலையை இறக்கினார்கள். இதை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

தாய்லாந்தைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 2025இல் 32 அணிகளை அழைத்து அவர்கள் உலகச் சாம்பியன் போட்டி நடத்தினார்கள், இறுதியில் துருக்கியை 3-2 என்று இத்தாலி வென்றது. சரி. தாய்லாந்துப் பெண்கள் சீனாவை வீழ்த்தி ஆசியச் சாம்பியன் ஆனது எப்போது? 2009இல், வியட்நாமில். உலகப் போட்டி அவர்கள் ஊருக்கு வந்தது அதற்கும் 16 ஆண்டு கழித்து. நடுவில் சிறிய பன்னாட்டு ஆட்டங்கள் அங்கே நடந்தன, உண்மைதான். ஆனாலும் முதலில் ஆட்டக்காரிகள் வந்தார்கள், பந்தல் பிறகு வந்தது.

இப்போது நம்ம மாவட்டத்துக்கு வருவோம். தூத்தூரிலிருந்து மணக்குடி வரை, உள்ளே கருங்கல், தக்கலை வரை எத்தனை வாலிபால் களங்கள்! கடற்கரை ஊரில் வலை கிழிந்தால் தைத்துத்தர ஆளுக்கா பஞ்சம்? ஆனால் வைகிட்டு ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். வலை எங்கே கட்டியிருக்கிறது? 2.43 மீட்டரில். அது ஆண்களின் உயரம். பெண்களுக்கான உயரம் 2.24 மீட்டர். வித்தியாசம் 19 சென்டிமீட்டர். கம்பத்தில் இரண்டாவது கொக்கி ஒன்று இருந்தால் ஒரு நிமிட வேலை. அந்தக் கொக்கி எத்தனை கம்பத்தில் இருக்கிறது? எதிரணித் தலைவர் எண்ணிச் சொன்னால் நான் இப்போதே உட்கார்ந்துவிடுகிறேன்.

வாலிபால் தனியாகப் பழகும் ஆட்டமும் அல்ல. ஒருத்தி பந்தை எடுக்க வேண்டும், ஒருத்தி தூக்கிக் கொடுக்க வேண்டும், ஒருத்தி அடிக்க வேண்டும். ஆறு பேரில் இரண்டு பேரை “பத்தாம் வகுப்பு வந்தாச்சு, போதும்” என்று வீட்டில் நிறுத்தினால் மிச்ச நாலு பேரின் ஆட்டமும் நின்றது. உயரம் போதாது என்று ஒரு பிள்ளையை ஒதுக்குகிறார்கள். 1998லேயே லிபரோ என்ற இடத்தை விதியில் கொண்டுவந்துவிட்டார்கள், அம்மா! பின்வரிசையில் நின்று பந்தை எடுப்பதற்கென்றே ஒரு ஆள். அவளுக்கு உயரம் எதற்கு, கண்ணும் காலும் போதும். இதை அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது? பாங்காக்கில் நடக்கிற இறுதி ஆட்டமா வந்து சொல்லும்?

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேரளாவைப் பாருங்கள். 1956 வரை நாமும் அவர்களும் ஒரே மாநிலம்தான். தேசிய அளவில் கேரளப் பெண்கள் எத்தனை முறை கோப்பை வாங்கினார்கள்! கே. சி. ஏலம்மா 1975லேயே அர்ஜுனா விருது பெற்றவர். இந்தியப் பெண்கள் அணி இன்றுவரை ஒலிம்பிக் வாலிபாலில் ஆடியதில்லை. ஆகவே அங்கே வாலிபாலை வளர்த்தது ஒலிம்பிக் இல்லை. கிராமத்தில் விளக்குப் போட்டு, ராத்திரி ஆட்டம் நடத்தி, ஊரே காசு கொடுத்துப் பார்த்து வளர்த்த ஆட்டம் அது.

“பெரிய போட்டி வந்தால் அரங்கம் வரும்” என்று தங்கச்சி ஒருத்தி பேசினாள். வரும், அம்மா. பூட்டும் கூட வரும். சாவி யாரிடம் என்று கேட்டுப் பாரேன்.

மணி அடிக்கக் கை போகிறது, தெரிகிறது நடுவரே. ஒரே ஒரு கோரிக்கை வைத்துவிட்டு இறங்குகிறேன். திருவிழாக் கமிட்டி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. நம்ம களத்துக் கம்பம் இரண்டிலும் 2.24இல் ஆளுக்கொரு கொக்கி. ஒரு விளக்கு. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை. வைகிட்டு ஐந்திலிருந்து ஆறரை வரை களம் அவர்களுக்கு, பையன்கள் அதற்குப் பிறகு. வெல்டிங்குக்கு ஆள் நான் கூட்டி வருகிறேன். கூலியை எதிரணி கொடுக்கட்டும், டோக்கியோ வரை போய் வந்தவர்களுக்கு இது ஒரு செலவா? வணக்கம்.