இரும்புக்கை லா நூ

வணக்கம் நேயர்களே.

பிரான்சில் 1562 முதல் 1598 வரை, 36 ஆண்டுகள், கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் அடித்துக்கொண்டார்கள். எட்டுப் போர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். நடுநடுவே ஒப்பந்தம் போடுவார்கள், மை காய்வதற்குள் மறுபடி தொடங்கிவிடும். அந்தப் போர்களில் பெயர் பெற்ற தளபதிகள் நிறையப் பேர். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும் என்று பல காலமாக நினைத்திருந்தேன். பிரான்சுவா தெ லா நூ. 1531இல் பிரிட்டனி பகுதியில் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் புராட்டஸ்டண்ட் நெறியை ஏற்றவர். ஹியூகநாட் என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சு புராட்டஸ்டண்டுகளின் பக்கம் கடைசிவரை நின்றவர்.

அவர் நடத்திய முற்றுகைகளையும் குதிரைப்படை அணிவகுப்புகளையும் விளக்க வேண்டுமானால் வரைபடம் வேண்டும். வானொலியில் அது ஆகாது, அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இந்த மனிதர் போர் செய்தார், பிறகு அந்தப் போரைப் பற்றி எழுதினார். எழுதும்போது எதிரியைப் பேயாகக் காட்டவே இல்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

1562 ஜூன் மாதம். முதல் போர் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அரசனுக்கு இன்னும் பன்னிரண்டு வயது நிறையவில்லை. ஆட்சி அவன் தாய் கத்தரின் தெ மெதிசியின் கையில். ஹியூகநாட் படைக்குத் தலைவர் கோந்தே இளவரசர். இருவரும் நேரில் சந்தித்துப் பேசுவதென்று முடிவாயிற்று. இடம், தூரி என்ற ஊர்ப் பக்கம். மறைந்திருந்து தாக்க இடமில்லாத திறந்த சமவெளி. ஆளுக்கு நூறு பிரபுக்களைக் காவலுக்கு அழைத்து வரலாம். ஆனால் இரண்டு காவல் அணிகளும் ஒன்றையொன்று நெருங்கக் கூடாது, 800 தப்படி தள்ளியே நிற்க வேண்டும் என்று கட்டளை. வாய்த்தகராறு வந்தால் கத்தி உருவிவிடுவார்களே என்ற பயம்.

அரசியும் இளவரசரும் பேசப் போய்விட்டார்கள். இந்த இரண்டு அணிகளும் நிற்கின்றன. அரசி பக்கத்தவர்கள் கருஞ்சிவப்பு வெல்வெட் மேலங்கி. ஹியூகநாட்டுகள் வெள்ளை மேலங்கி. லா நூ வெள்ளை அணியில் இருக்கிறார். கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பங்காளிச் சண்டையில் பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு குடும்பங்கள் பொதுவான ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் எதிரெதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா, அப்படி. அந்தப் பக்கம் நிற்பது யார்? ஒருவனுக்கு அண்ணன், இன்னொருவனுக்கு மாமா, வேறொருவனுக்குப் பழைய தோழன். தம் தலைவர்களிடம் கெஞ்சி அனுமதி கேட்டார்கள். கிடைத்தது.

அப்புறம் 800 தப்படி என்ன ஆனது? இரண்டு நிறமும் கலந்துவிட்டன. சண்டை வருமென்று பயந்த இடத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தனக்கு அந்தப் பக்கம் ஒரு டஜன் நண்பர்கள் இருந்தார்கள், உடன்பிறந்தவர்களைப் போல நேசித்தவர்கள் என்று லா நூ எழுதுகிறார். நீங்கள் எங்கள் பக்கம் வந்துவிடுங்கள் என்று இவர்கள் சொல்ல, நீங்கள் வந்துவிடுங்கள் என்று அவர்கள் சொல்ல, பேச்சு நீண்டது. பிறகு ஒரு கணத்தில் எல்லோருக்கும் ஒரே நினைப்பு வந்திருக்கிறது. இந்தச் சமாதானப் பேச்சு முறிந்தால் அடுத்த முறை சந்திப்பது போர்க்களத்தில். தலைக்கவசத்தின் முகமூடி இறங்கிவிட்டால் அண்ணன் தம்பியென்றும் பார்க்க முடியாது. அதை நினைத்துக் கண் கலங்கினார்கள் என்று எழுதுகிறார். எழுதியவர் யார் என்பதை நினைவில் வையுங்கள் நேயர்களே. ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த பாதிரியார் அல்ல, அங்கே ஆயுதத்தோடு நின்ற சிப்பாய்.

பேச்சு முறிந்துதான் போனது. அதே ஆண்டு டிசம்பர் 19, த்ரே என்ற இடத்தில் முதல் பெரிய போர். இரு படைகளும் நெடுநேரம் அசையாமல் நின்றன. வழக்கமாக முதலில் நடக்கும் சின்னச் சின்ன மோதல்கள்கூட இல்லை. ஏன் என்று லா நூ சொல்கிறார். எதிரே வருவது ஸ்பானியரோ இத்தாலியரோ அல்ல, பிரெஞ்சுக்காரர்கள், சொந்தக்காரர்கள், நண்பர்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் இவர்களைக் கொல்ல வேண்டும் என்ற எண்ணம் ஒவ்வொருவர் மனதிலும் ஓடியது. தூரியில் கட்டிப்பிடித்தவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள்.

அன்று கோந்தே இளவரசர் கத்தோலிக்கர்களிடம் பிடிபட்டார். பிடித்தவர்களின் தலைவர் கீஸ் கோமகன், ஹியூகநாட்டுகளின் பரம எதிரி. அந்த இரவு கீஸ் கோமகன் தன் கைதியோடு ஒன்றாக உண்டார், தன் கட்டிலையே பகிர்ந்துகொண்டார். இதை எழுதி வைத்து மெச்சியவர்களில் லா நூவும் ஒருவர். மறுபடியும் சொல்கிறேன், மெச்சியது எதிர்த்தரப்பு. அதே கை தன் தரப்பின் குறையையும் எழுதியது. தொடக்கத்தில் ஹியூகநாட் படையில் சூதாட்டம் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, கொள்ளை கிடையாது. எல்லோரும் வியந்தார்கள். தளபதி கொலீனி மட்டும், இது இரண்டு மாதம் தாங்கினால் பெரிது, இளமையில் துறவி முதுமையில் பிசாசு என்று பழமொழி இருக்கிறதே என்றாராம். அப்படியே ஆயிற்று. போஜான்சி என்ற ஊரைப் பிடித்ததும் நம் ஆட்களே சூறையாடினார்கள் என்று லா நூ ஒளிக்காமல் எழுதுகிறார்.

சரி, இரும்புக்கை. 1570இல் ஃபோந்தெனே முற்றுகையில் துப்பாக்கிக் குண்டு பட்டு இடது கை எலும்பு நொறுங்கிவிட்டது. லா ரோஷெல் துறைமுக நகரத்தில் கையை வெட்டி எடுத்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். நவார் நாட்டு அரசி ழான் தால்ப்ரே பக்கத்தில் நின்று அந்தக் கையைத் தாமே பிடித்துக்கொண்டார் என்று சொல்வார்கள். பிறகு ஒரு கைவினைஞர் இரும்பில் கை செய்து கொடுத்தார், குதிரையின் கடிவாளத்தைப் பிடிக்கிற மாதிரி. அதன் பிறகு படைவீரர்களுக்கு அவர் இரும்புக்கை.

1572 ஆகஸ்டில் பாரிசில் ஹியூகநாட்டுகளைக் கொன்று குவித்த புனித பார்த்தலோமியு நாள் படுகொலை. கொலீனி கொல்லப்பட்டார். லா நூ அப்போது நெதர்லாந்துப் பக்கம், மோன்ஸ் நகரத்தில் ஸ்பானியர்களின் முற்றுகைக்குள் இருந்ததால் தப்பினார். திரும்பி வந்தவரிடம் அரசன் ஒன்பதாம் சார்லஸ், ஹியூகநாட்டுகளின் கோட்டையான லா ரோஷெலுக்குப் போய் நகரத்தாரைப் பணிய வை என்றான். போனார். நகரத்தாரோ எங்களுக்குத் தளபதியாக இருங்கள் என்றார்கள். அரசனுக்குத் தெரிந்தே அதையும் ஏற்றுக்கொண்டார். பகலில் கோட்டையை விட்டு வெளியே பாய்ந்து அரசனின் படையோடு மோதுவார். உள்ளே வந்ததும் சமாதானம் பேசுங்கள் என்று நகரத்தாரை வற்புறுத்துவார். ஒரு போதகர் ஆத்திரத்தில் அவரை எல்லோர் முன்னிலையிலும் கன்னத்தில் அறைந்துவிட்டார். கூட இருந்தவர்கள் பாய்ந்தார்கள். லா நூ தடுத்து, அவரைப் பத்திரமாக வீட்டில் மனைவியிடம் கொண்டுபோய் விடச் சொன்னார். தன் பேச்சு எடுபடவில்லை என்று தெரிந்ததும், 1573 மார்ச்சில், அரசனுக்குக் கொடுத்த வாக்குப்படி நகரத்தை விட்டு வெளியேறினார். இரண்டு பக்கமும் சந்தேகப்படக்கூடிய நிலை அது. ஆனால் இரண்டு பக்கமும் அவர் வாக்கை நம்பியது. அந்தக் காலத்தில் அப்படி ஒருவர் கிடைப்பது அரிது என்பேன்.

நேரம் குறைந்துகொண்டே வருகிறது, மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். 1580இல் நெதர்லாந்தில் ஸ்பானியர்களை எதிர்த்துப் போரிட்டபோது அவர்களிடம் சிக்கினார். ஐந்து ஆண்டு சிறை, பெரும்பகுதி லிம்பர்க் கோட்டையில். நான் இதுவரை சொன்ன தூரியும் த்ரேயும் அங்கே உட்கார்ந்து எழுதியவைதான். மொத்தம் 26 உரைகள். 1587இல் பாசல் நகரத்தில் அச்சாயின. மதத்துக்காகச் செய்த போர்கள் நம்மை மதத்தையே மறக்க வைத்துவிட்டன என்பது அவற்றில் அவர் வருந்திச் சொல்வது. குதிரைப்படையில் ஈட்டியைவிடக் கைத்துப்பாக்கி ஏன் மேல் என்று அவர் வாதிடும் உரையைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன், இன்று முடியாது.

1585இல், கைதியாக இருந்த ஸ்பானியத் தரப்பு எக்மாண்ட் பிரபுவுக்கு மாற்றாக விடுதலையானார். பிறகு பிரெஞ்சு அரசர் நான்காம் ஹென்றியின் படையில். 1591இல் பிரிட்டனியில் லாம்பால் கோட்டை முற்றுகை. உள்ளே பார்க்க ஏணியில் ஏறியவருக்குத் தலையில் குண்டு பட்டது. ஆகஸ்ட் 4 அன்று மோன்கோந்தூர் என்ற ஊரில் இறந்தார். 1569இல் அவர் தோற்றுப் பிடிபட்ட களத்துக்கும் இதே பெயர்தான், ஆனால் அது வேறு ஊர், புவாத்து பகுதியில் இருப்பது. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. நல்ல போர்வீரர், அதைவிட நல்ல மனிதர் என்று ஹென்றி சொன்னாராம். புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நாந்த் ஆணை வர இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.