தொலைதூரத்தில் சட்டம் படித்தவரும் வழக்கறிஞராகட்டும்

நடுவர் அவர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம். தொலைதூரக் கல்வியில் சட்டம் படித்தவரை வழக்கறிஞராகப் பதிவு செய்யலாமா என்பது இன்றைய வழக்கு. சட்டம் வகுப்பில் உட்கார்ந்து கற்க வேண்டியது, அஞ்சலில் படித்தவரை நம்பினால் நட்டம் கட்சிக்காரருக்கே என்றார் எதிரணித் தோழர். அவருடைய அக்கறையை மதிக்கிறேன். அதற்காகக் கதவையே சாத்துவதைத்தான் மறுக்கிறேன்.

சட்டப் படிப்பையும் வழக்கறிஞர் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள், வாரத்துக்கு 30 மணி நேரத்துக்குக் குறையாமல், காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் வகுப்பு நடக்க வேண்டும் என்கின்றன. அஞ்சல் வழியில் பி.ஜி.எல். என்னும் பொதுச் சட்டப் பட்டம் முடித்த எத்தனையோ பேர் கறுப்பு அங்கி அணிய முடியாமல் போனதை நாம் அறிவோம். மூன்றாண்டுப் படிப்பில் சேர 30 வயது என்றிருந்த வரம்பை 2017இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ஆனாலும், ஆம்பூரில் காலையில் கம்பெனி பஸ் ஏறி இருட்டிய பின் வீடு திரும்பும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு அதனால் என்ன பயன்?

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். பீடி சுற்றி ஓய்ந்த ஓர் அம்மாவின் பி.எஃப். விண்ணப்பம் திரும்பி வந்தபோது, ஆதாரில் உள்ள பெயரோடு பதிவேட்டில் 'அம்மாள்' என்று ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்து, தொழிலாளியும் முதலாளியும் கூட்டாகத் தரும் ஜாயின்ட் டிக்ளரேஷன் படிவத்தை நிரப்பி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியவர் அவர்தான். சட்டத்தின் தேவை எங்கே இருக்கிறது என்பதை அவருக்கு எந்த வகுப்பும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்று நாடெங்கும் பாடமாக இருக்கிறது. அந்த ஆற்றங்கரையில் உழைப்பவர் மட்டும் அதைப் படித்து வழக்கறிஞராக வழியில்லை.

வாதாடும் பயிற்சிக்கு என்ன செய்வது என்று எதிரணி கேட்கும். அது முக்கியமான கேள்வி. பாடத்தை வீட்டில் படிக்கட்டும். சனி, ஞாயிறுகளில் வேலூர் அரசு சட்டக் கல்லூரியில் மாதிரி நீதிமன்றம் நடக்கட்டும். பட்டம் வாங்கியபின் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஓராண்டு இருந்து, மனு எழுதவும் குறுக்கு விசாரணை செய்யவும் பழகட்டும். 1973இல் திருத்தப்படும் வரை வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே இத்தகைய பயிற்சிக்கு இடம் இருந்தது. அதன்மேல், சட்டப் பட்டம் பெற்றவர் வழக்காடத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வும் இருக்கிறது. 2023இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்துவிட்டது. அஞ்சலில் படித்தவர், கல்லூரியில் படித்தவர் இருவருக்கும் அதே தேர்வை வையுங்கள், தேறாதவரை நிறுத்துங்கள்.

முழுநேர வேலையில் இருப்பவர் வழக்காட முடியாது என்பதால், பதிவு செய்யும்போது அந்தப் பெண் எப்படியும் சம்பளத்தை விட்டாக வேண்டும். அதற்கு அவர் துணிந்திருக்கிறார். படிக்கும் மூன்று ஆண்டுகளும்கூடச் சம்பளத்தை விடு என்று சொன்னால், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது? இதற்கு எதிரணி பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே. அதன்பின் தீர்ப்பு வழங்குங்கள்.