பப்பாளி இலைச் சாறு வேண்டாம் பெரியம்மா!

வணக்கம் மக்களே. பின்னால் குக்கர் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், முட்டை வேகிறது. அந்த முட்டைக்கு ஒரு கதை இருக்கிறது, வருகிறேன். முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்து ஊசியை எடுத்தார்கள். வழக்கமாகப் பஞ்சு வைத்து 10 நிமிடம் அழுத்தினால் ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்திருக்கும் இடம்) ரத்தம் நின்றுவிடும். அன்றைக்கு 25 நிமிடம்! போன வீடியோவில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றீர்களே, அந்தச் சாம்பல் சட்டை போயே போச்சு. விஷயம் கேள்விப்பட்டதும் பெரியம்மா ஒரு டம்ளர் பப்பாளி இலைச் சாற்றோடு வந்துவிட்டார். "பிளேட்லெட் குறைஞ்சிருக்கும்டா, குடி."

பிளேட்லெட் என்றால் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள். குறையவில்லை, அதுதான் விஷயமே. ரிப்போர்ட் இதோ: 2,10,000. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தாலே போதும். கல்யாண வீட்டில் ஆள் நிறைய இருந்தும் பந்தியில் பரிமாற ஒருவரும் வராத கதைதான் இது. சிறுநீரகம் வடிகட்டாமல் விட்ட கழிவு ரத்தத்தில் தேங்கினால் பிளேட்லெட் மந்தமாகிவிடும், காயத்தில் போய்ச் சரியாக ஒட்டாது. இதற்கு எண்ணிக்கையைக் கூட்டி என்ன பயன்? தவிர, எந்த இலையைப் பிழிந்தாலும் பொட்டாசியம் சேர்ந்து வரும், அது எங்களுக்கு ஆகாது. டெங்கு வீட்டுப் பழக்கத்தை டயாலிசிஸ் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

அப்புறம், டெக்னீஷியன் தம்பி முதலில் ஹெப்பாரின் (டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து) அளவையும் ஃபிஸ்டுலாவில் அடைப்பு இருக்கிறதா என்றும்தான் பார்த்தார். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். உங்களுக்கும் ரத்தம் நிற்கத் தாமதமானால் அதைத்தான் முதலில் கேளுங்கள். எனக்கு இரண்டும் சரி. மாட்டியது ஹீமோகுளோபின், 8.4.

ரத்தசோகைக்கும் பிளேட்லெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டேன். நெரிசல் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்கும் கூட்டம் நெருக்கினால்தான் ஓரத்தில் இருப்பவன் ஜன்னலோடு ஒட்டுவான். சிவப்பணுக்கள்தான் அந்தக் கூட்டம். பிளேட்லெட்டை ரத்தக்குழாய்ச் சுவரோரம் தள்ளுவது அவைதான். பஸ் காலியாகிவிட்டால் அது நடுவிலேயே மிதக்கும். ரத்தத்தில் சிவப்பணு 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால் ரத்தம் சீக்கிரம் நிற்கிறது என்பது 1980-களிலேயே தெரிந்த விஷயமாம். எனக்கு 25.

சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஊசி போடுகிறார்களே என்பீர்கள். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12, புரதம் இவை உடம்பில் இல்லாவிட்டால் ஊசி என்ன செய்யும்? ஃபோலிக் அமிலம் டயாலிசிஸிலேயே கழுவிக்கொண்டு போகும். ஒவ்வொரு தடவையும் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலமும் போகும். நானோ இரண்டு மாதமாக "உப்பு கூடாது, பருப்பு கூடாது" என்று பயந்து வெறும் ரசம் சாதம். டயட்டீஷியன் மேடம் திட்டிய திட்டு இருக்கிறதே! டயாலிசிஸுக்கு முன்னால்தான் புரதத்தைக் குறைப்பார்கள். ஆரம்பித்த பிறகு உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 1 முதல் 1.2 கிராம் வேண்டும். என் ட்ரை வெயிட் (உடம்பில் தேங்கிய நீரை எடுத்த பிறகு இருக்கும் எடை) 58 கிலோ, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது முட்டைக்கு வருகிறேன். தெருமுனைக் கடையில் ஒன்று 7.50. நான் சேலத்துக்காரன், நாமக்கல் கூப்பிடு தூரம், எனக்கே 7.50-ஆ? வண்டியை எடுத்துக்கொண்டு மொத்தக் கடைக்குப் போனேன். 30 முட்டை அட்டை 186 ரூபாய்! ஒன்று 6.20. ஒரு முட்டை கீறியிருந்தது, காட்டினேன், கடைக்காரர் இரண்டாகக் கொடுத்துவிட்டார். 39 ரூபாய் மிச்சம், ஒரு முட்டை இலவசம். பெட்ரோல் கணக்கைக் கேட்காதீர்கள்.

வெள்ளைக்கரு மட்டும்தான் சாப்பிடுகிறேன். மஞ்சளில் பாஸ்பரஸ் அதிகம். மஞ்சளுக்குத் தினம் எங்கள் வீட்டில் சண்டை, பூனையும் உண்டு அதில். உப்பில்லாத வெள்ளைக்கருவை நான் வெறுக்கிறேன், மிளகுத்தூள் இல்லாவிட்டால் தொண்டையில் இறங்காது.

ஆங், பூண்டு மாத்திரை சாப்பிடலாமா என்று கமெண்ட்டில் கேட்ட அக்கா! ரசத்தில் நாலு பல் தட்டிப் போடுங்கள், தப்பில்லை. மாத்திரையாக விழுங்காதீர்கள். பூண்டுச் சத்து பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும். மீன் எண்ணெய் மாத்திரையும் அந்த ஜாதிதான், டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

நாளை காலை 6 மணி ஷிஃப்ட். எத்தனை நிமிடம் அழுத்தினேன் என்று மதியம் போடுகிறேன். கறுப்புச் சட்டைதான் போட்டுப் போகிறேன்.