ஆட விடாதவர்களுக்குக் காலம் கோணல்

நடுவர் அவர்களே, நான் எங்கே தடுக்கி விழுவேன் என்று எதிரணியில் காத்திருக்கும் நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு வந்திருக்கும் அயர்லாந்துத் தமிழ்ச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘அயர்லாந்தின் கிராமத்து நடனக் கூடங்கள் மறைந்தது காலத்தின் கோலமா, மனிதர்களின் வேலையா?’ இதுதான் இன்றைய தலைப்பு. மனிதர்களின் வேலைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர் காலத்தின் கட்சி. பிழைப்புத் தேடி இளைஞர்கள் கப்பலேறினார்கள், வீட்டுக்குள் டிவி வந்தது, அப்புறம் டிஸ்கோ வந்தது, கூடங்கள் தானாகக் காலியாயின, பாட்டெல்லாம் பதிவாகி ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது, இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று உருக்கமாகப் பேசினார். நானும் உருகினேன். உருகி முடித்துவிட்டு வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை, நடுவர் அவர்களே.

இந்த நாட்டில் கார் ஓட்டுகிற எல்லாரும் அந்தக் கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு வெளியே, சுற்றிலும் வயலாக இருக்கும் இடத்தில், வளைந்த கூரையோடு நீளமாக ஒன்று நிற்கும். இன்று அதில் சோபா விற்பார்கள், இல்லையென்றால் பூட்டிக் கிடக்கும். அறுபது வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு சுவரோரம் ஆண்கள், எதிர்ச்சுவரோரம் பெண்கள். நடுவில் மெழுகு பூசிய மரத்தரை. மேடையில் ஒரே மாதிரி கோட்டு போட்டு, அன்றைய பிரபலப் பாட்டுகளை வாசிக்கிற ஷோபேண்ட் குழு. மது கிடையாது, சோடாவும் டீயும்தான். ‘ஒரு சோடா குடிக்கிறீர்களா?’ என்று ஒருவர் கேட்டுவிட்டால் விஷயம் கல்யாணம் வரை போகலாம் என்று அர்த்தம்.

சரி, ஊரைவிட்டுப் போனவர்கள் கதைக்கு வருவோம். லீட்ரிம் கவுண்டியை, அதாவது மாவட்டத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். 1841இல் அங்கே 1,55,000 பேர் இருந்தார்கள். பஞ்சமும் கப்பலும் சேர்ந்து கரைத்து, 1971இல் மிஞ்சியது 28,000 பேர். 1950களில் மட்டும் இந்த நாட்டைவிட்டு ஏறக்குறைய 4 லட்சம் பேர் போனார்கள். நண்பர் சொல்வது உண்மையானால் அந்தப் பத்தாண்டில் நடனக் கூடங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லையா? நடந்தது நேர்மாறு. ஊர் காலியாகிக்கொண்டிருந்த அந்த வருஷங்களிலும், அதற்கு அடுத்த வருஷங்களிலும்தான் பால்ரூம்கள் என்ற பெரிய நடனக் கூடங்கள் முளைத்தன. லீட்ரிம் எல்லையை ஒட்டி, ஷானன் ஆற்றங்கரையில் இருக்கும் ரூஸ்கியில் க்ளவுட்லேண்ட். ராஸ்காமனில் ஃபேரிலேண்ட். முல்லிங்கரில் லேக்லேண்ட். இவற்றை நடத்தியவர்கள் ஜிம் ரெனால்ட்ஸ், ஆல்பர்ட் ரெனால்ட்ஸ் என்ற அண்ணன் தம்பி. தம்பி ஆல்பர்ட்தான் பின்னால், 1992இல், இந்த நாட்டின் பிரதமரானார். காலியாகப் போகிற கூடத்தில் காசைக் கொட்டுகிற ஆளா அவர்? ஊரில் ஆள் குறைந்ததால்தான், மிச்சமிருந்தவர்கள் பல மைல் தாண்டி சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்து ஒரே கூரையின் கீழ் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கப்பலேறியவர்களாவது ஆட்டத்தை விட்டார்களா? ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தால் இங்கே நடனக் கூடங்களை மூடிவிடுவார்கள். ஷோபேண்டுகள் என்ன செய்தன தெரியுமா? அந்த நாற்பது நாளும் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய், அங்கே பிழைக்கப் போன ஐரிஷ்காரர்களுக்கு வாசித்தன. லண்டன் க்ரிக்கிள்வுட்டில் கால்டிமோர் என்ற ஐரிஷ் பால்ரூம் 1952இல் தொடங்கி 2008 வரை நடந்தது. காலத்துக்கு லண்டன் விலாசம் மட்டும் கிடைக்கவில்லையா, நண்பரே?

அடுத்தது டிவி. அயர்லாந்தின் தேசியத் தொலைக்காட்சி 1961 டிசம்பர் 31 இரவு தொடங்கியது. வாட்டர்ஃபோர்டு ராயல் ஷோபேண்ட், பிரெண்டன் போயர் பாட, ‘ஹக்கிள்பக்’ பாட்டை விற்பனையில் முதலிடத்துக்குக் கொண்டுபோனது 1965இல். டிவி கொன்ற பிணம் மூன்று வருஷம் கழித்து எழுந்து ஹக்கிள்பக் ஆடியதா?

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே ஆடத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆட விடாதவர்கள் இருந்தார்கள். அவர்களைக் காப்பாற்றத்தான் எதிரணி காலம் கோணல் என்கிறது.

1925இல் கத்தோலிக்க ஆயர்கள் நடனக் கூடங்களின் தீமைகள் பற்றி ஓர் அறிக்கை எழுதி, அதைத் தேவாலயங்களில் வாசிக்கச் சொன்னார்கள். ஐரிஷ் நடனத்தில் குற்றமில்லை, வெளியிலிருந்து இறக்குமதியான ஆட்டம்தான் ஆபத்து என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு லீட்ரிமில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

எஃப்ரினா என்ற ஊரில் 1886இல் பிறந்தவர் ஜிம்மி கிரால்டன். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார், அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கினார். 1921இல் ஊருக்குத் திரும்பி, குடும்ப நிலத்தில் ஒரு கூடம் கட்டினார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சிக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட இருவரின் பெயரில், பியர்ஸ்-கானலி கூடம். அங்கே வகுப்பு நடந்தது, நிலத் தகராறு பேசித் தீர்த்தார்கள், ராத்திரியில் ஆடினார்கள். நடுவில் மறுபடி அமெரிக்கா போனவர், 1932இல் வந்து கூடத்தைத் திறந்து ஆட்டத்தைத் தொடங்கினார். கிரால்டன் கம்யூனிஸ்ட். பாதிரியார்களுக்கும் நிலவுடைமைக்காரர்களுக்கும் அவரையும் பிடிக்கவில்லை, அவர் கூடத்தையும் பிடிக்கவில்லை. 1932 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு கூடம் தீக்கிரையானது. அடுத்த வருஷம் அரசு அவரை விசாரணை எதுவும் இல்லாமல் அமெரிக்காவுக்கு நாடு கடத்தியது. சொந்த மண்ணில் பிறந்தவரை! ஊர்க்காரர்கள் அவரை மாதக்கணக்கில் ஒளித்து வைத்திருந்தும் பயனில்லை. 1945இல் நியூயார்க்கில் இறந்துபோனார். பிறந்த ஊரை மறுபடி பார்க்கவே இல்லை.

அதோடு விட்டார்களா? 1934 ஜனவரி 1, அதே லீட்ரிமில் மோஹில் ஊர். பாதிரியார் பீட்டர் கோனஃப்ரி தலைமையில் ஆயிரக்கணக்கானோர் ‘ஜாஸ் ஒழிக’ என்று ஊர்வலம் போனார்கள். வயலும் மாடுமாக இருந்த லீட்ரிமில் ஜாஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். பிடிக்காத ஆட்டம் எதுவாக இருந்தாலும் அன்றைக்கு அதற்கு அதுதான் பெயர்.

மறுவருஷம், 1935இல், பொது நடனக் கூடச் சட்டம். ஆட்டம் நடத்த நீதிமன்றத்தில் உரிமம் வாங்க வேண்டும். சட்டம் குறிவைத்தது பொதுக் கூடங்களைத்தான். ஆனால் போலீசும் பாதிரியார்களும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு நடனங்களையும் நாற்சந்தி நடனங்களையும் விரட்டினார்கள். சட்டத்தில் இல்லாததைச் செய்தது கண்ணுக்குத் தெரியாத காலமா? தொப்பி போட்ட காவலரும் அங்கி போட்ட சாமியாரும்.

வீட்டு நடனம் என்றால் ஏதோ சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சமையலறையில் கூடுவார்கள், ஒருவர் ஃபிடில், அதாவது வயலின், எடுப்பார், விடியும்வரை நடக்கும். சில வீடுகளில் தரைக்கல்லுக்கு அடியில் குதிரை மண்டையோட்டைப் புதைத்து வைத்திருந்தார்கள். எதற்கு? ஆடுகிறவர் காலால் தட்டும்போது கணீரென்று கேட்க வேண்டும் என்பதற்கு! தரையையே வாத்தியமாக்கியவர்கள், நடுவர் அவர்களே. கிளேர் கவுண்டியின் ஃபிடில் கலைஞர் ஜூனியர் க்ரீஹன் இந்தச் சட்டத்தைப் பற்றிக் கடைசிவரை வருத்தத்தோடு பேசினார். அந்த வீடுகள்தான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். அதை மூடினால் இளையவன் எங்கே போய்க் கற்பான்?

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதிரணி சொல்லும். வீட்டிலிருந்து விரட்டப்பட்ட இசை தேவாலயத்தின் பங்குக் கூடத்துக்குப் போனது. அங்கே பெரிய கூட்டத்துக்குச் சத்தம் போதாமல் நாலைந்து பேர் சேர்ந்து வாசித்ததில், ஐரிஷ் நடனத்துக்கு வாசிக்கும் கெய்லி இசைக்குழுக்கள் வளர்ந்தன. நல்ல இசைதான். ஆனால் கூடம் சாமியாருடையது, டிக்கெட் பணமும் பங்குக்குத்தான். ஆட்டம் பாவம், வசூல் மட்டும் புண்ணியம்! (நாம் இன்று வாடகைக்கு எடுத்திருப்பதும் ஒரு பங்குக் கூடம்தான் என்பதால் குரலைத் தாழ்த்திச் சொல்கிறேன்.)

இதையும் தாண்டித்தான் 60களின் பெரிய பால்ரூம்கள் எழுந்தன. அவை எப்படிச் செத்தன? டிஸ்கோவால் என்கிறார் நண்பர். டிஸ்கோ எங்கே நடந்தது? பெரும்பாலும் ஓட்டல்களில். அங்கே ஏன்? அங்கேதான் மது உரிமம் இருந்தது. சாப்பாடும் பரிமாறினால் நடுராத்திரி தாண்டியும் மது ஊற்றச் சட்டத்தில் வழி வைத்திருந்தார்கள். வெளியே பல மைல் தாண்டி நின்ற பால்ரூமுக்கு சோடாவைத் தவிர விற்க எதுவும் இல்லை. ஒரு கடைக்கு உரிமம், எதிர்க்கடைக்கு இல்லை. எதிர்க்கடை படுத்துவிட்டது. இதற்குப் பெயர் காலமாம். ஜனங்களின் ரசனை மாறியது என்று நண்பர் சொல்லலாம். மாறியிருக்கும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் பீர் வைத்துவிட்டு ரசனையை அளந்தால் அளவு சரியாக வருமா?

1975 ஜூலை 31 விடிவதற்கு முன் நடந்ததை வேடிக்கையாகச் சொல்ல முடியாது. எல்லைக்கு அப்பால், வட அயர்லாந்தின் பான்பிரிட்ஜில் வாசித்துவிட்டு டப்ளின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது மயாமி ஷோபேண்ட். ராணுவச் சீருடையில், போலிச் சோதனைச் சாவடி போட்டு, வண்டியை நிறுத்தினார்கள் பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்ற யூ.வி.எஃப். ஆயுதக் குழுவினர். ஃப்ரான் ஓ’டூல், டோனி ஜெராட்டி, பிரையன் மெக்காய் என்று மூன்று இசைக்கலைஞர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதுவரை ஷோபேண்ட் வாசித்த கூடங்கள் எந்த மதத்துக்காரரும் ஒரே தரையில் ஆடிய இடங்கள். அந்த இரவுக்குப் பிறகு தெற்கிலிருந்து குழுக்கள் எல்லை தாண்டப் பயந்தன.

கடைசியாக, நண்பர் சொன்ன பதிவு, காப்பகம். டப்ளினில் 1987இல் தொடங்கிய ஐரிஷ் மரபிசைக் காப்பகம் இருக்கிறது. மிக நல்ல வேலை செய்கிறார்கள், கைகூப்புகிறேன். ஆனால் ஷோபேண்ட் வாசித்தது என்ன? பெரும்பாலும் அடுத்தவர் பாட்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வந்த புதுப்பாட்டை ரேடியோவில் கேட்டு, வார இறுதிக்குள் பழகி, மேடையேற்றினார்கள். பாட்டு மட்டும் வேண்டுமென்றால் அசல் இசைத்தட்டே போதும். அவர்களுடையது அந்த இரவு. மூன்று பாட்டு முடிந்ததும் துணையை மாற்ற வேண்டும் என்ற வழக்கம், மூன்றாவது பாட்டில் பிடித்த பெண்ணிடம் ‘அடுத்ததுக்கும் நிற்பீர்களா?’ என்று கேட்கிற தவிப்பு, மாட்டேன் என்றால் எல்லார் கண்ணெதிரிலும் சுவருக்குத் திரும்பி நடக்கிற தூரம். இதை எந்த ஒலிநாடாவில் தேடுவது? அந்தத் தரையில் நின்றால்தான் எழுபது வயதுக்காரருக்கு அது ஞாபகம் வருகிறது. தரையில் சோபா அடுக்கியிருந்தால் சோபாவின் விலைதான் ஞாபகம் வரும்.

எதிரணிக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு சனிக்கிழமை க்ளென்ஃபார்னுக்குக் காரை விடுங்கள். அதுவும் லீட்ரிம்தான். ஜான் மெக்கிவர்ன் என்பவர் 1934இல் கட்டிய கூடம், ரெயின்போ பால்ரூம். இரவில் ஒரு கட்டத்தில் அவரே மேடையேறி, விளக்கைக் குறைத்து, பாட்டுப் பாடி, பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடியுங்கள் என்பாராம். கல்யாணத் தரகருக்கும் மேலான ஆள்! அந்தக் கூடம் இன்றும் நிற்கிறது. ஊர்க்காரர்கள் சேர்ந்து பழுதுபார்த்தார்கள், ஆட்டமும் நடக்கிறது. அதே மழை, அதே வெளியேற்றம், அதே டிவி, அதே டிஸ்கோ. காலம் க்ளென்ஃபார்னை மட்டும் ஏன் விட்டுவைத்தது?

மணி அடித்துவிட்டீர்கள், பார்த்தேன். அடுத்துப் பேச வரும் அம்மாவுக்கு ஒரு கேள்வி வைத்துவிட்டு இறங்குகிறேன். 2016இல் இந்த நாட்டின் அப்போதைய ஜனாதிபதி மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் எஃப்ரினாவுக்குப் போய், எரிந்த கூடம் இருந்த இடத்தில் கிரால்டனுக்கு நினைவுச் சின்னம் திறந்துவைத்தார். அவரை நாடு கடத்தியது தவறு, நியாயப்படுத்தவே முடியாது என்றார். காலத்தின் கோலம் என்றால், அம்மா, அவர் யார் செய்த தவறைச் சொன்னார்?

நன்றி, வணக்கம்.