தடுப்புக்கு அந்தப் பக்கம்

வணக்கம் நேயர்களே.

போன கிழமை இதே வானொலியில் ஒரு நேயர் தொலைபேசியில் வந்து, ஸ்னோ புயலுக்குப் பொலிஸ் வீதியைப் பூட்டினதைப் பற்றிக் கோபமாகக் கதைத்ததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "என்ரை வாகனம் நாலு சில்லும் இழுக்கிறது. புது வின்டர் டயர் போட்டிருக்கு. பிறகேன் ரோட்டைப் பூட்டினவங்கள்?" என்று கேட்டார். நிகழ்ச்சி நடத்திய தம்பி சிரித்துச் சமாளித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு குளிர்காலம் ஒன்ராறியோவில் ஹியூரன் ஏரிக்கரையோரம் ஸ்னோ பிளவ், அதாவது வீதியில் ஸ்னோ வழிக்கிற வண்டி, ஓட்டியவன் நான். நிலையத்துக்கு அழைப்பு எடுத்து, எனக்குப் பத்து நிமிசம் தாருங்கோ என்று கேட்டேன். தந்துவிட்டார்கள்.

நான் ஓட்டியது ஹைவே 21. கிராண்ட் பெண்ட், பேஃபீல்ட், கொடரிச், கின்கார்டின், போர்ட் எல்ஜின் என்று ஏரியை ஒட்டியே போகிற வீதி. கோடையில் கடற்கரைக்குப் போகிற மாதிரி எங்கட சனம் குடும்பத்தோடு போய்வருகிற இடங்கள்தான். ஆனால் டிசம்பர் பிறந்தால் அது வேறு வீதி. ஏரித் தண்ணீர் கோடை வெப்பத்தை இன்னும் வைத்துக்கொண்டிருக்கும். வடமேற்கிலிருந்து வருகிற உறைகுளிர்க் காற்று அந்தத் தண்ணீருக்கு மேலால் வரும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, கரையில் ஏறியதும் அப்படியே கொட்டும். அதுவும் ஊர் முழுக்க இல்லை, ஒரு பட்டி மாதிரி. கொடரிச்சில் வெயில் எறிக்கும். பத்து நிமிசம் தள்ளிப் போனால் உங்கள் வாகனத்தின் முன்மூடியே உங்களுக்குத் தெரியாது. ரொறன்ரோவில் இருந்து வெளிக்கிடுகிறவருக்கு இது விளங்காது. அவர் யன்னலால் பார்ப்பார், வானம் நீலமாயிருக்கும், வெளிக்கிட்டுவிடுவார்.

சரி, டயர் விசயத்துக்கு வருகிறேன். வீதியைப் பூட்டுவது சறுக்குகிறது என்பதற்காக மட்டும் இல்லை. சறுக்கலுக்கு உப்பு இருக்கிறது. குளிர் மைனஸ் 18க்குக் கீழே இறங்கினால் உப்பு எடுபடாது, மண் போடுவோம். கண் தெரியாததற்குத்தான் மருந்தில்லை. ஏரிக்கும் வீதிக்கும் நடுவில் வெறும் வயல். காற்றை மறிக்க ஒன்றுமில்லை. விழுந்த ஸ்னோவையே காற்று திரும்பக் கிளப்பிக்கொண்டு வந்து வீதிக்குக் குறுக்கே அணை கட்டும். அந்த அணை பஞ்சு மாதிரி இருக்கும் என்று நினையாதேங்கோ. ஈரம்பட்டு இறுகின சீமெந்து மூட்டை மாதிரி இருக்கும். நாலு சில்லும் இழுத்து என்ன, வயிற்றால் அதில் ஏறி உட்கார்ந்தால் நாலு சில்லும் அந்தரத்தில் சுத்தும்.

இன்னொரு காரணம் இருக்கிறது, அதை யாரும் வெளியில் சொல்வது குறைவு. வீதியைப் பூட்டுவது எங்களுக்காக. வழிக்கிறவனுக்கு வெறும் வீதி வேண்டும்.

பிளவுக்குள் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முன்னால் பெரிய தகடு. வலப்பக்கத்தில் சிறகு மாதிரி இன்னொரு தகடு, அது வீதிக்கரைக்கு மேலால் நீட்டிக்கொண்டு வரும். தகடு எறிகிற ஸ்னோ காற்றில் திரும்பிவந்து முன்கண்ணாடியில் அறையும். துடைப்பானில் ஐஸ் கட்டியாகப் பிடித்து, டக், டக் என்று அடிக்கும். வானொலியை நிப்பாட்டிவிடுவேன், ஏனென்றால் காதாலும் ஓட்ட வேண்டும். தகடு தாரில் உரசுகிற சத்தம் மாறினால் கரைக்கு இறங்குகிறோம் என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரிவது கரையில் நிற்கும் கம்பங்களின் ஒளித்தகடுகள் மட்டும்தான், ஒன்று, பிறகு கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அந்த நேரத்தில் முன்னால் ஒரு கார் புதைந்து நின்றால்? வெள்ளைக் கார் என்றால்?

ஒரு பெப்ரவரி, விடிய நாலு மணி. பேஃபீல்டுக்கு வடக்கே. பின்னேரமே பொலிஸ் வீதியைப் பூட்டியாச்சு. காற்றுக் கொஞ்சம் அடங்கியதும் எங்களை உள்ளே விட்டார்கள். முன்னால் ஒரு அணை தெரிந்தது. வேகத்தைக் கூட்டி உடைக்கிறதுதான் வழமை. அக்சிலரேட்டரை அமத்தப் போன நேரம் அந்தக் குவியலில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம், சிகரெட் நுனி மாதிரி. பிரேக்கை மிதித்தேன். தகட்டுக்கும் அந்த வெளிச்சத்துக்கும் இடையில் பிறகு இறங்கிக் காலடி வைத்துப் பார்த்தேன், ஒன்பது அடி.

சவளால் வெட்டிக் கதவைத் திறந்தால், உள்ளே எங்கட பெடியன் ஒருத்தன். இருபத்திரண்டு வயதிருக்கும். படிக்க வந்தவன். ஒரு காஸ் ஸ்டேசனில் காலை வேலை. முதலாளி இரவு கூப்பிட்டு, ரோட்டு திறந்துதான் இருக்கு, ஐந்து மணிக்கு வந்து கடையைத் திற என்று சொல்லியிருக்கிறார். யார் அந்த முதலாளி, எந்த ஊர் என்று நான் சொல்லப் போவதில்லை. அவரும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

"தடுப்பைக் காணேல்லையோடா?" என்று கேட்டேன்.

"கண்டனான் அண்ணை. அங்கை ஒருத்தரும் நிக்கேல்லை."

பொலிஸ் எல்லாத் தடுப்பிலும் நிற்க முடியாது, அவ்வளவு ஆள் இல்லை. ஒரு மரச்சட்டமும் பலகையும்தான் நிற்கும். இதிலே எனக்கு ஒரு ஆச்சரியம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊரில் யுத்த காலத்தில் ஒவ்வொரு ஆமி சென்ட்ரியிலும் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்த சனம் நாங்கள். துவக்கு இல்லாத தடுப்பைக் கண்டால் அது தடுப்பே இல்லை என்று எங்களுக்குப் படுகிறதோ என்னவோ. அந்தப் பெடியன் பிறந்தது யுத்தத்தின் கடைசிக் காலம். அவனுக்கும் அதே குணம்.

சட்டம் தெரிய வேண்டியவர்களுக்கு: ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், 134ஆம் பிரிவு. பொலிஸ் பூட்டிய வீதியில் ஓட்டினால் குற்றம். தண்டப்பணத்தோடு லைசென்சில் 3 டிமெரிட் புள்ளி, அதாவது குற்றப்புள்ளி. இன்சூரன்ஸ் அதைப் பார்த்து என்ன செய்யும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெரும்பாலான ஆக்கள் தடுப்பை நேராகத் தாண்டுவதில்லை. அதைவிட மோசமானதைச் செய்கிறார்கள். ஃபோனில் இருக்கிற வரைபடத்தைப் பார்க்கிறார்கள். அது ஹைவேயை விட்டு இறக்கி, கான்செஷன் ரோட்டால் விடுகிறது. வயலுக்கு நடுவில் போகிற கிராமத்து வீதிகள் அவை. அவற்றை வழிப்பது கடைசியில்தான். வெளிச்சமில்லை, கரைக் கம்பம் இல்லை, ஆழமான வாய்க்கால் இரண்டு பக்கமும். ஹைவேயில் நின்றுபோனால் நான் வந்து தட்டுப்படுவேன். அந்த வீதியில் யார் வருவார்? அந்த வட்டாரம் ஒரேயடியாகப் பூட்டியிருந்தால் பக்கத்து வீதியும் பூட்டினது என்றே எடுக்க வேணும்.

நேரத்துக்குப் பூட்டாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் பக்கத்திலேயே கதை இருக்கிறது. 2010 டிசம்பர் நடுவில், லண்டனுக்கும் சார்னியாவுக்கும் இடையில் ஹைவே 402இல் 300 பேருக்கு மேல் அகப்பட்டார்கள். பலர் 24 மணி நேரத்துக்கு மேல் வாகனத்துக்குள். கடைசியில் இராணுவத்தின் ஹெலிகொப்டர்கள் வந்து தூக்க வேண்டியிருந்தது. எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் பஃபலோவில், 2022 டிசம்பர் 23, நத்தாருக்கு இரண்டு நாள் முந்தி. வாகனம் ஓட்டுவதற்குத் தடை காலை 9.30க்கு வந்தது. சனம் அதற்கு முதலே வேலைக்குப் போய்விட்டது. புயல் 37 மணி நேரம் விடாமல் அடித்தது. நடுவில் கைவிட்ட கார்கள் வீதிகளை அடைத்துக்கொள்ள, பிளவும் போக முடியவில்லை, அம்புலன்ஸும் போக முடியவில்லை; நகரத்தின் தீயணைப்பு வண்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே புதைந்து நின்றன. அந்தப் புயலில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். சிலரைக் காருக்குள்ளேயே கண்டெடுத்தார்கள். வீட்டில் இருந்தபடி, அம்புலன்ஸ் வராமல் போனவர்களும் அதில் இருக்கிறார்கள். அவர்கள் எந்த வீதியிலும் ஓட்டவில்லை.

அகப்பட்டுவிட்டால்? காரை விட்டு இறங்கி நடக்காதேங்கோ. இருபது அடியில் காரைத் தவறவிட்டுவிடுவீர்கள். என்ஜினைப் போட்டுச் சூடேற்றுகிறதென்றால் முதலில் இறங்கிப் போய்ப் பின்னால் புகைக்குழாயைத் தோண்டிவிடுங்கோ, ஒவ்வொரு முறையும். குழாய் அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் உள்ளே வரும். மணமில்லை, நித்திரை மாதிரி வரும், அவ்வளவுதான். மணித்தியாலத்துக்குப் பத்து நிமிசம் போடுங்கோ, காற்று அடிக்காத பக்கத்து யன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கோ. பெற்றோல் பாதிக்குக் கீழே போக விடாதேங்கோ. பின்பெட்டியில் சவள், கம்பளி, டோர்ச். என் மனைவி ஒரு பிஸ்கட் ரின்னில் மிக்சரும் வைத்துவிடுவார். எந்தக் கையேட்டிலும் இல்லை, ஆனால் நல்ல யோசனை.

அந்தப் பெடியனுக்கு அன்றைக்குப் புகைக்குழாய் பாதி மூடியிருந்தது. தலையிடிக்குது அண்ணை என்று மட்டும் சொன்னான். அவனை என் பக்கத்து இருக்கையில் ஏற்றி, ஃபிளாஸ்க்கில் இருந்த தேத்தண்ணியைக் கொடுத்து, பொலிஸுக்கு அறிவித்துவிட்டு, காரைச் சுற்றி வழித்துக்கொண்டு போனோம். கொடரிச் வரைக்கும் வாய் திறக்கவில்லை. இறங்கும்போது, "காருக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?" என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு யோசித்தேன், இன்னும் கடனில் ஓடுகிற கார்.

இப்பொழுது நான் பிளவ் ஓட்டுவதில்லை, முதுகு விடாது. அவன் அந்தக் கடையை விட்டுவிட்டு கின்கார்டினில் வேறு வேலையில் இருக்கிறான். ஸ்னோ கொட்டுகிற நாளில் விடிய ஐந்து மணிக்கு என் ஃபோன் அடிக்கும்.

"அண்ணை, 21 திறந்தாச்சோ?"

"எனக்கென்னடா தெரியும், ரோட்டு நிலவரம் சொல்லுற 511ஐப் பார்."

"பார்த்திட்டன், பூட்டு எண்டுதான் காட்டுது. நீங்கள் என்ன சொல்லுறியள்?"