நெடுந்தீவு: கல்லும் தண்ணீரும் குதிரையும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

யாழ்ப்பாணத்துக் குறிகாட்டுவான் துறையில் குமுதினிப் படகில் ஏறினால் நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம். சோளகம் வீசுகிற காலத்தில் அந்த ஒரு மணித்தியாலம் நீண்டுகொண்டே போகும். கரையை நெருங்கும்போது முதலில் பனைதான் கண்ணில் படும். மேடு என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. சுமார் 50 சதுர கிலோமீற்றரும் தட்டையான சுண்ணக்கல் நிலம்.

இறங்கியதும் வீதியோரத்து மதில்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். சீமெந்து இல்லை, சாந்து இல்லை. முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கல்லைத் தடவினால் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் விரலில் தட்டுப்படும். ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் கடலடியில் ஓர் உயிர் குடியிருந்த வீடு. ஒல்லாந்தர் கோட்டையும் இந்தக் கல்லால் எழும்பியதுதான்.

தீவுக்குத் தண்ணீர் தருவதும் நிலத்தடியில் கிடக்கிற துளைவிழுந்த கல்தான். ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மாரிமழை கல்லுக்குள் இறங்கி, கீழே நிற்கிற உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது அல்லவா! வாளியால் அளவோடு அள்ளும்வரை நல்ல தண்ணீர். இயந்திரம் வைத்து இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். இங்குள்ள சாராப்பிட்டி நன்னீர்க் கிணறுகளின் அருமை தீவாருக்குத்தான் தெரியும்.

ஆபிரிக்காவிலிருந்து வந்து இந்தத் தீவில் நிற்கிற பெருக்கமரம் (பாவோபாப்) தண்ணீரைத் தன் பருத்த அடிமரத்தில் சேர்த்துக்கொள்கிறது; வரட்சி வந்தால் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். குதிரைக்கு அப்படி ஒரு வழி இல்லை.

போர்த்துக்கேயர் கொண்டுவந்த குதிரைகள் என்பார்கள். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இங்கே வைத்து வளர்த்தார்கள். அவர்கள் போனபின் எஞ்சியவற்றின் வழிவந்தவைதான் இன்று வெளியில் கூட்டங்கூட்டமாக மேய்கிற கட்டாக்காலிகள். மாரியில் பார்த்தால் மினுமினுப்பாக இருக்கும். ஆவணியில் அதே குதிரையின் விலாவை எண்ணிவிடலாம்.

அப்படியோர் ஆவணி மத்தியானம், கல்தொட்டி ஒன்றின் அருகே ஒரு தாய்க்குதிரையைக் கண்டேன். தொட்டியின் அடியில் பச்சைப் பாசியும் கையளவு தண்ணீரும். அது மூக்கை நுழைத்து உறிஞ்சியது. குட்டிக்குக் கழுத்து எட்டவில்லை; தாயின் ஈர வாயை நக்கிக்கொண்டு நின்றது. எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

வரட்சிக் காலத்தில் நெடுந்தீவுக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். குதிரைகளைப் படம் பிடிக்கத் துரத்தாதீர்கள். வழியில் தொட்டி வெறுமையாகக் கிடந்தால், கிணற்றுக்காரரிடம் கேட்டு இரண்டு வாளி அள்ளி ஊற்றிவிட்டு வாருங்கள்.

வணக்கம்.