தையில் போட்ட அவரை

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுத்தோட்டம் பற்றி என்னிடம் கேட்பவர்கள் மண்ணைக் கேட்பார்கள், உரத்தைக் கேட்பார்கள். எந்த ரகத்தைப் போடலாம் என்று கேட்பவர்கள் குறைவு. கடையில் பாக்கெட்டின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

முதல் வருஷம் தை மாதத்தில் கொடி அவரை போட்டேன். பந்தல் கொள்ளாமல் படர்ந்தது. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, பேருக்குக்கூட ஒரு பூ இல்லை. எரு வைத்தேன், சாம்பல் தூவினேன், கடைசியில் விதை கொடுத்தவரைத் திட்டினேன். பாவம், அவர்மேல் தப்பே இல்லை. நம் ஊர்க் கொடி அவரை பகல் பொழுது சுருங்கினால்தான் பூக்கும். ஆடியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் பூவெடுத்து, மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பொங்கலன்று வைக்கும் குழம்பில் அவரைக்காய் வந்து உட்கார்ந்திருப்பது அதனால்தான். தையில் போட்டால் அடுத்த குளிர்காலம் வரை கொடிக்குச் சும்மா தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான்.

கோடையிலும் அவரை வேண்டும் என்றால் கொடி ஓடாமல் குட்டைச் செடியாக நிற்கும் குத்து அவரை போடுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட குத்து அவரை ரகங்கள் பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு மாதத்தில் காய் பறிக்கலாம், பந்தலும் வேண்டாம், மொட்டைமாடித் தொட்டியே போதும். ருசி மட்டும் கொடி அவரைக்குப் பக்கத்தில் வராது. அது என் நாக்கு சொல்வது, உங்கள் நாக்கு வேறு சொல்லலாம்.

முருங்கையிலும் இதே கதைதான். போத்து, அதாவது கிளைத் துண்டு, வெட்டி நடும் யாழ்ப்பாண முருங்கை பல வருஷம் நின்று காய்க்கும் மரம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 என்ற ரகம் விதை போட்டு வளர்ப்பது, ஆறு மாதத்தில் காய் வந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும். காம்பவுண்டு சுவரை ஒட்டி நாலடி இடம்தான் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். முருங்கைக் கிளை காற்றுக்கு முறிந்து பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் விழுந்தால் அப்புறம் காய் கொடுத்துச் சமாதானம் பண்ண முடியாது.

வெண்டைக்குப் பெரிய எதிரி மஞ்சள் நரம்பு நோய். வெள்ளை ஈ பரப்புவது. பெங்களூருவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா ரகம் இந்த நோயைத் தாங்குவதற்கென்றே வந்தது. நாட்டு வெண்டைதான் வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் போடுங்கள். இலை மஞ்சளித்த செடியை மட்டும் பார்த்த அன்றே பிடுங்கிவிடுங்கள்.

தக்காளியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விதை எடுத்து வைக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? உண்டு என்றால் ஹைபிரிட் எனப்படும் கலப்பின ரகம் வேண்டாம். அதன் விதையில் வரும் செடிகள் ஒன்று போல ஒன்று இருக்காது. வருஷா வருஷம் பாக்கெட் வாங்குபவர்களுக்கு ஹைபிரிட்டில் ஒரு குறையும் இல்லை.

கத்தரிக்கு நான் யோசனை சொல்வதே இல்லை. வேலூர்க்காரர்களுக்கு இலவம்பாடி முள் கத்தரி, திருநெல்வேலிப் பக்கம் வெள்ளைக் கத்தரி. உங்கள் வீட்டு எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பில் எது விழுகிறதோ அதையே போடுங்கள்.

எங்கள் வீட்டில் இந்த ஆடிக்குக் கொடி அவரை இரண்டு குழி, முள் கத்தரி நாலு செடி. அப்புறம், பக்கத்து வீட்டு அம்மா ஒரு பீர்க்கங்கூட்டை உடைத்துக் கை நிறைய விதை கொடுத்திருக்கிறார்கள். என்ன ரகம் என்று கேட்டேன். "எங்க மாமியார் போட்ட ரகம்" என்றார்கள். போட்டுப் பார்க்கப் போகிறேன். வணக்கம்.